பரிசத் தட்டில் வந்த தெருவிளக்கு

முன்பொரு காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில், மண்ணுக்கு ஒரு மகள் இருந்தாள். பெயர் வாயு. அம்மா மடியை விட்டு இறங்காமல் பூமிக்கடியிலேயே வளர்ந்தவள்.

அவளைப் பெண் கேட்டுத் துளைப்பான் வந்தான். இரும்பு உடம்பு, வாயே திறக்கமாட்டான். பேசியதெல்லாம் கூடவே வந்த தரகர்தான்; அவர் பெயர் கட்டணம். பட்டுச் சட்டையும் சிரிப்புமாகத் தட்டுகளைச் சபையில் பரப்பினார். ஒன்றில் தார்ச்சாலை, ஒன்றில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை, ஒன்றில் பளபளவென்று ஒரு தெருவிளக்கு.

தட்டை வாங்க வேண்டியவன் தாய்மாமன் அடிபம்பு. அக்காவிடம் தண்ணீர் வாங்கி ஊருக்குக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. அவன் கை நீட்டவில்லை.

“அக்காவைக் கேட்டீங்களா?”

“அக்கா என்னைக்குய்யா பேசியிருக்காங்க? பேசாம இருந்தா சம்மதம்னுதானே அர்த்தம்?” என்றார் கட்டணம்.

“சரி, மறுவீட்டுக்குப் பொண்ணு எப்ப வரும்?”

“நல்ல காரியத்துல குறுக்க பேசாதய்யா!” என்று ஒழுகிக்கொண்டிருந்த பள்ளிக்கூடம் சீறியது. “மழை பெஞ்சா பிள்ளைங்க சோத்துத் தட்டைத் தலைமேல கவுத்துக்கிட்டு உட்காருதுங்க. உனக்கென்ன தெரியும்?”

அதுவும் நியாயம்தான். மாமன் தட்டை வாங்கினான். பெண்ணைக் குழாயில் ஏற்றி அனுப்பினார்கள்.

கட்டணம் சொன்ன சொல் தவறவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கூரை ஒழுகவில்லை. சாலையில் சேறில்லை. பெண் மட்டும் மறுவீட்டுக்கு வரவேயில்லை. மண் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போனாள்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம், அந்தத் தெருக்காரி குஞ்சம்மாள் குடத்தோடு வந்து பம்பை அடித்தாள். முதலில் வறட்டு இருமல். பிறகு மஞ்சளாக, எண்ணெய் நாற்றத்தோடு கொஞ்சம் வந்தது. முகர்ந்து பார்த்தவள் அப்படியே கவிழ்த்தாள்.

“சீ! மாடுகூட வாய் வைக்காது.”

பம்பு பதறிப்போய்க் கட்டணத்தைக் கூப்பிட்டான்.

“என்ன மாமா, இன்னொரு தட்டா? தாராளமா கேளுங்க. பஸ் ஸ்டாப்புக்கு நிழற்குடை வைக்கலாமா?”

“தண்ணி வேணும்.”

“அதை நாங்க எப்படி மாமா தரமுடியும்? அது உங்க அக்கா வீட்டுச் சீராச்சே” என்று சட்டையை நீவிவிட்டுக்கொண்டு கட்டணம் அடுத்த ஊருக்குக் கிளம்பினார்.

இருட்டியதும் விளக்கு கண் திறந்தது.

“மாமா, என் வெளிச்சத்தைப் பாத்தீங்களா? தெருவே பளிச்சுன்னு இருக்கு!”

“பாத்தேம்மா. வெறுங்குடத்தோட போறவ மூஞ்சிகூட நல்லாத் தெரியுது.”