பிச்சாண்டியின் தனி லைப்ரரி

குருவுக்குத் தாடி இருக்கவேண்டும் என்று எவன் சொன்னான்? அந்தச் சர்க்கரை ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் குரு நிலோஃபர் மேடம், வயது முப்பது. சீடர் பிச்சாண்டிக்குத் தலை முழுக்க நரை.

ஆலையின் பழைய ஏஎஸ்400 மெஷினில் ஆளாளுக்குப் புரோகிராமைத் திருத்தி, எது அசல் என்றே தெரியாமல் போயிருந்தது. அந்தக் கூத்து போதும் என்று எல்லாவற்றையும் 'கிட்' என்ற மென்பொருளில் ஏற்றி மெஷினோடு இணைத்தார் பிச்சாண்டி. யார், எதை, ஏன் மாற்றினார்கள் என்று கிட் ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒற்றைக்காலில் நின்று முடித்த வேலை.

அன்று காலை, மெஷின் போடும் கரும்பு வெட்டு உத்தரவு மறுபடியும் தப்பாக வந்தது. முற்றிய கரும்பு காய்கிறது, இளங்கரும்புக்கு முறை விழுகிறது. கேட்டில் விவசாயிகள் கொதித்தார்கள்.

"மேடம், இந்தத் தப்பை நேத்தே திருத்தி கிட்ல ஏத்திட்டேன். மெஷின்லயும் புதுசு ஏறிடுச்சு. அப்புறம் ஏன் பழசே ஓடுது?"

"மெஷின் முதல்ல எந்த லைப்ரரியில தேடுதுன்னு பாருங்க சார்."

பார்த்தார். முகம் வெளிறிப்போனது. புரோகிராம்கள் இருக்கும் லைப்ரரிகளை மெஷின் தேடும் வரிசையில், பொது லைப்ரரிக்கும் மேலே அவருடைய தனி லைப்ரரி இருந்தது. ஏதோ சோதனைக்காக அவரே சேர்த்தது. உள்ளே பழைய புரோகிராமின் நகல்; மெஷின் அதைத்தான் முதலில் எடுத்து ஓட்டியிருக்கிறது.

"அடக் கடவுளே, நானேதானா! ஒரு பாதுகாப்புக்கு வச்சிருந்தேன் மேடம்."

"அப்ப கிட் எதுக்கு?"

"அதுவும் பாதுகாப்புக்குத்தான்."

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். கிட்ல இல்லாதது இதுல ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல. ஒண்ணு விடாம ஏத்திட்டேன்."

நிலோஃபர் தன் பெயரில் வைத்திருந்த தனி லைப்ரரியைப் பிச்சாண்டியின் கண்ணெதிரே அழித்தார். பிறகு கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார்.

பிச்சாண்டி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கிட்டை இணைச்சே தீருவேன்னு சொன்னவன் நான்தான், இல்லைங்கல. ஆனா கையில ஒரு நகல்கூட இல்லாம எப்படி மேடம்? மனசு கேக்கலையே."

நிலோஃபர் ஜன்னலைத் திறந்தார். கேட்டில் ஒருவர் காய்ந்த கரும்பைத் தூக்கிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"அவர்கிட்ட அந்தக் கரும்புக்கு நகல் இருக்கான்னு கேட்டுட்டு வாங்க சார்."

பிச்சாண்டி போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தன் தனி லைப்ரரியை அழிக்கும் கட்டளையை அடிக்கத் தொடங்கினார்.