புகை நின்ற மலை

கடல் நடுவே இருந்த ஒரு தீவில் நெருப்பு மலை ஒன்று உண்டு. அதன் அடிவாரத்தில் மாதங்கி அம்மை மடம் வைத்திருந்தார். அவருடைய சீடர் கடம்பர் முன்பு தோணி ஓட்டியவர். குருவைவிட வயதில் மூத்தவர்.

மலை எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும். சில வருடங்களில் உருகிய பாறை தேன்போல வழிந்து இறங்கும். ஊரார் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தே விலகிக்கொள்வார்கள். அப்போதெல்லாம் அம்மை பதறியதில்லை.

ஒருநாள் காலையில் புகை நின்றது. மலை சாந்தமாகிவிட்டது என்று ஊர் மகிழ்ந்தது. பொங்கல் வைக்க ஏற்பாடு நடந்தது. அம்மைக்கோ இருப்புக் கொள்ளவில்லை. கிணற்றடிக்குப் போனார், மேட்டில் ஏறினார், மண்ணில் கை வைத்துப் பார்த்தார், திரும்பி வந்தார். மறுநாளும் அப்படியே. சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்தார். கடைசியில், எல்லோரும் தோணி ஏறிப் பக்கத்துத் தீவுக்குப் போய்விட வேண்டும் என்றார்.

கடம்பருக்கு அது பிடிக்கவில்லை.

"நெருப்பு வழிந்தபோது பதறாமல் இருந்தீர்கள். அடங்கிக் கிடக்கும்போது ஓடச் சொல்கிறீர்கள். ஒரு குரு இப்படித் தவிக்கலாமா?"

அம்மை அவரை அடுக்களைக்கு அழைத்துப் போனார். ஓர் அடுப்பில் வெந்நீர், மற்றதில் கேழ்வரகுக் கூழ். வெந்நீர் சளசளவென்று கொதித்தது. கூழ் இறுகி, ஏடு படிந்து, அசையாமல் கிடந்தது. கடம்பர் அகப்பையை எடுத்தார். கிளற வேண்டாம் என்று அம்மை தடுத்தார்.

ஏடு மெல்ல உப்பியது. கடம்பர் குனிந்து பார்ப்பதற்குள் வெடித்துத் தெறித்தது. முழங்கை வரை சுட்டுவிட்டது.

"இரண்டுக்கும் கீழே ஒரே தீதான்," என்றார் அம்மை. "தண்ணீரில் ஆவி எழ எழ வெளியேறிவிடுகிறது. மலைக்குள் இப்போது இருப்பது கூழ்."

சுட்ட கையோடு கடம்பர் ஊருக்குள் ஓடினார். அம்மையின் சொல்லுக்காக எல்லோரும் கிளம்பினார்கள். கடம்பரின் அக்கா பொன்னாச்சி மட்டும் வரமாட்டேன் என்றாள். மலைச்சரிவில் அவள் வீடு. கணவனைப் புதைத்த இடம் அவளுடைய வாழைத்தோட்டத்துக்குள் இருந்தது. கடம்பர் கெஞ்சினார், அதட்டினார். பிறகு அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தார். வழியெல்லாம் அவள் அவர் முதுகில் அடித்துக்கொண்டே வந்தாள்.

தோணிகள் பாதிக் கடலைத் தாண்டியபோது மலையின் தலை பிளந்தது. சாம்பல் வானத்துக்கு ஏறி, கவிழ்ந்து, சரிவு முழுவதையும் மூடியது. வாழைத்தோட்டம் இருந்த இடம் தெரியவில்லை. மடமும் தெரியவில்லை.

அக்கரையில் பொன்னாச்சி மணலில் உருண்டு அழுதாள். மலையைத் திட்டினாள், தம்பியைத் திட்டினாள், அம்மையையும் விடவில்லை. பொழுது சாயும்வரை ஓயவில்லை.

கடம்பர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சாம்பல் படிந்த முகத்தோடு எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், தோணிகளை இழுத்துக் கட்டினார், கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். பிறகு அம்மையிடம் வந்தார்.

"அக்காவைப் பார்க்க முடியவில்லை, அம்மா. அவள் மனம் அடங்க ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

"அவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை," என்றார் அம்மை. "நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள், கடம்பரே. கரை இறங்கியதிலிருந்து உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."