குண்டுக்கரிச்சான் கடித்த வெற்றிலைகள்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த காட்டில் ஒரு குண்டுக்கரிச்சான் இருந்தது, குழந்தைகளே. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கறுப்பு வெள்ளைப் பறவைதான். ஆனால் விடியற்காலையில் அது வாயைத் திறந்தால் காட்டுப்பன்றிகூடக் கிழங்கு தோண்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும். சாப்பாட்டிலிருந்து பன்றி தலையைத் தூக்குகிறது என்றால் சும்மாவா?

காடு முழுக்க அதை ‘வித்வான்’ என்றே அழைத்தது. வித்வானுக்கும் அந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமோ, குட்டிக்குப் பெயர் வைக்கும் விழாவோ, எதற்கு வித்வான் பாட வேண்டுமென்றாலும் ஒரு வெற்றிலையோடு வர வேண்டும். எந்த விடியலில், எந்த மரத்தடியில் என்று சொல்லி, அழைப்பவர் இலையில் தன் கால் தடத்தைப் பதிப்பார். வித்வான் இலையின் ஓரத்தை அலகால் கடித்துக் கொடுக்கும். கடன் பேச்சுக்கும் இதே இலைதான்; கடித்தால் பேச்சு முடிந்தது. கடித்த இலையைக் கடிக்கவில்லை என்று சொல்ல யானையாலும் முடியாது.

ஆரம்பத்தில் இலைகளை எல்லாம் வித்வானின் மனைவி சாம்பிதான் பார்த்துக்கொண்டது. சாம்பல் நிறம் என்பதால் அந்தப் பெயர். “அந்த விடியல் மானுக்குக் கொடுத்தாச்சு. அடுத்த வாரம் வாங்க” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். பிறகு சாம்பி முட்டையிட்டது. இலுப்பை மரப் பொந்துக்குள் அடைகாக்க உட்கார்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் குரங்கு வந்து சேர்ந்தது.

“வித்வானே, நீங்க பாடப் பிறந்தவர். இலை வாங்குறதும் தேதி பார்க்குறதும் உங்க வேலையா? எனக்கே வெட்கமா இருக்கு. என்கிட்ட விடுங்க.”

“அதுவும் சரிதான்” என்றது வித்வான்.

“ஒரே ஒரு சிரமம். யாராவது கேட்டு வரும்போதெல்லாம் உங்களைத் தேடி ஓடிவர முடியாது. காலையிலேயே ஒரு கட்டு இலையைக் கடிச்சுக் குடுத்துடுங்க. வர்றவங்க கால் தடத்தை நான் பதிய வெச்சுக்கிறேன்.”

“வெறும் இலையையா?”

“உங்க குரலைக் கேட்டு நேத்து புலி அழுதுச்சு, தெரியுமா?”

“புலியா? எங்கே? எந்த இடத்துல அழுதுச்சு? நான் மேலே போனேனே, அங்கேயா?”

புலி அழுத கதையைக் குரங்கு சொல்லச் சொல்ல, வித்வான் கேட்டுக்கொண்டே கடித்தது. ஒரு கட்டு முழுவதையும் கடித்து முடித்தது. ஒரு இலையைக்கூடப் பார்க்கவில்லை. புலி அழவும் இல்லை. அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வித்வானின் வாழ்க்கையே மாறிப்போனது. பாடும் கிளைக்கு மயிலிறகுத் தோரணம் வந்தது. சுற்றிலும் மின்மினிகள் வந்தன. பாட்டு முடிந்ததும் வந்தவர்கள் எல்லோருக்கும் தினைச் சோறு விருந்து. “என் பாட்டைக் கேட்டுட்டு யாரும் பசியோட போகக் கூடாது” என்றது வித்வான். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை.

பொந்துக்குள்ளிருந்து சாம்பி கேட்டது: “இவ்வளவு தினை எங்கிருந்து வருது?”

“குரங்கு பார்த்துக்குது.”

“குரங்குக்கு எங்கிருந்து வருது?”

“நீ எதுக்கு இப்படித் தோண்டித் தோண்டிக் கேட்கிறே? பாட்டுக்கு முன்னாடி என் மனசைக் கலைக்காதே.”

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு கத்தின. வித்வானுக்கு அவற்றைப் பார்க்க நேரம் இல்லை.

ஒரு விடியலில் வித்வான் மான் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. இலுப்பை மரத்தடியில் கொக்கு வந்து நின்றது.

“வித்வானே, எங்க குளக்கரைக்குப் போவோமா? எல்லாரும் காத்திருக்காங்க.”

“இன்னிக்கு மான் வீட்டுக்கு இல்ல?”

“இன்னிக்குத்தான் எங்களுக்கு. இதோ இலை. இது உங்க அலகுதானே?”

வித்வான் குனிந்து பார்த்தது. அதன் அலகுதான். அதற்குள் காட்டுப்பன்றியும் ஓர் இலையோடு வந்து நின்றது. அதுவும் அதே விடியல். அந்த இலையிலும் அதே அலகு. எல்லோரிடமும் குரங்கு முன்பணமாகப் பழமும் கிழங்கும் வாங்கித் தின்று முடித்திருந்தது.

வித்வான் ஒரு வீட்டுக்குப் பறந்தது, பாதிப் பாட்டில் கிளம்பி அடுத்த வீட்டுக்குப் பறந்தது. எங்கும் முழுதாகப் பாடவில்லை. மான் வீட்டுக் கல்யாணம் பாட்டில்லாமலே முடிந்தது. மணமகள் அழுதுகொண்டே போனாள். வித்வானின் தொண்டை அன்று முதல்முறையாகக் கட்டிக்கொண்டது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தால் பொந்து வாசலில் அணில் உட்கார்ந்திருந்தது. அணில் ரொம்பக் கறாரான பேர்வழி. சிரித்துப் பேசும், ஆனால் ஒரு மணி தினையை விடாது.

“வித்வானே, நீங்க விருந்து வெச்ச தினை எல்லாம் உங்க பேரைச் சொல்லிக் குரங்கு கடன் வாங்கின என் சேமிப்பு. திருப்பித் தர்ற நாள் தாண்டிப் போச்சு. தராட்டி இந்தப் பொந்து எனக்குன்னு இலையில இருக்கு.”

“பொந்தா? யாரு சொன்னது?”

“நீங்கதான்” என்று அணில் இலையைக் காட்டியது. ஓரத்தில் அழகான அலகுக்குறி.

உள்ளே குஞ்சுகள் கத்தின. இன்னும் இறகுகூடச் சரியாக முளைக்காத குஞ்சுகள். மழை வேறு எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும் போல வானம் கறுத்திருந்தது.  வித்வான் குரங்கைத் தேடி ஓடியது.

குரங்கு நாவல்பழம் தின்றுகொண்டிருந்தது. “இதுக்குப் போய் ஏன் இப்படி அலையுறீங்க? கொஞ்ச நாள் மறைவா இருங்க. எல்லாம் ஆறிடும். பாட மட்டும் பாடாதீங்க. நீங்க வாயைத் திறக்காட்டி, நீங்க எங்கே இருக்கீங்கன்னு எவனுக்கும் தெரியாது.”

வித்வான் அதையும் கேட்டது. அதற்குத்தான் பார்க்கத் தெரியாதே, கேட்கத்தானே தெரியும்.

இலந்தைப் புதருக்குள் ஒளிந்தது. யாரோ நடக்கும் சத்தம் கேட்டது; மூங்கில் காட்டுக்குள் மாறியது. மூங்கில் உரசியது, கள்ளிக்குப் பின்னால் போனது. ஒரு கிளையில் உட்கார்ந்தால் அடுத்த கிளையில் கண் இருந்தது. விடியும் நேரம்தான் ரொம்பக் கொடுமை. தொண்டைக்குள் பாட்டு முட்டிக்கொண்டு வரும். வித்வான் அலகை மரப்பட்டையில் அழுத்திக்கொண்டு நிற்கும். பாடாமல் இருப்பது இவ்வளவு வலிக்கும் என்று அதற்கு அதுவரை தெரியாது.

இதற்கிடையில் அணிலும் மற்றவர்களும் வழக்கை ஆமையிடம் கொண்டுபோயிருந்தார்கள். குளத்துப் பாறைதான் நீதிமன்றம். எதையும் அவசரப்படாமல் விசாரிப்பது ஆமையின் குணம்.

“வித்வான் வந்திருக்கா?” என்று கேட்கும் ஆமை.

“வரலை.”

“அப்போ வாய்தா.” சொல்லிவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும்.

இப்படியே வாய்தா மேல் வாய்தா போனது. வித்வானிடம் சொல்லும்படி ஆமை ஒவ்வொரு முறையும் குரங்கிடம்தான் சொல்லி அனுப்பியது. குரங்கு சொல்லுமா? வழக்கு நடந்தால் தன் வால்தானே மாட்டும்! வித்வானை நன்றாக ஒளிந்திருக்கச் சொன்னதோடு சரி.

கடைசியில் ஆமைக்கே பொறுமை போய்விட்டது. “நாளைக்கும் வித்வான் வராட்டி, எதிர்ப்பேச்சு இல்லைன்னு முடிவு பண்ணிடுவேன். பொந்து அணிலுக்கு. நாளைக்கே காலி செய்யணும்.”

சாம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாளைக்கே என்றால் குஞ்சுகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? அது காடு முழுக்கப் பறந்தது. “எங்க இருக்கீங்க? வெளியே வாங்க!” என்று கூப்பிட்டது. கள்ளிக்குப் பின்னால் வித்வான் அந்தக் குரலைக் கேட்டது. யாரோ மனைவியைப் பிடித்துவைத்துக்கொண்டு கூப்பிட வைக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் உள்ளே ஒடுங்கியது. பயம் பிடித்தவர்களுக்குச் சொந்த வீட்டுக் குரலும் சந்தேகம்தான்.

சாம்பி ஒரு கிளையில் உட்கார்ந்து யோசித்தது. அதற்குத் தன் கணவனை நன்றாகத் தெரியும்.

அது பாட ஆரம்பித்தது. வித்வானின் விடியல் பாட்டு, காடே அறிந்த பாட்டு. ஆனால் மேலே ஏறவேண்டிய இடத்தில் சாம்பி வேண்டுமென்றே கீழே இறங்கியது.

கள்ளிக்குப் பின்னால் வித்வானுக்கு உடம்பு கூசியது.

சாம்பி மறுபடி பாடியது. மறுபடி அதே இடத்தில் இறங்கியது. இந்த முறை கொஞ்சம் இழுத்து, ரசித்து இறங்கியது.

“ஐயோ, மேலே! மேலே போகணும்!” என்று கத்திக்கொண்டு வித்வான் கள்ளி உச்சிக்கே வந்துவிட்டது. வந்ததோடு நிற்கவில்லை. அந்த இடத்தை எப்படிப் பாட வேண்டும் என்று முழுக் குரலில் பாடியும் காட்டியது. அத்தனை நாள் அடக்கிவைத்த பாட்டு காட்டின் அடுத்த கோடி வரை கேட்டது. மான், கொக்கு, பன்றி, அணில் எல்லாம் அந்தத் திசைக்கு ஓடிவந்தன.

“என்னைக் காட்டிக் குடுத்துட்டியே!” என்றது வித்வான்.

“ஆமாம், குடுத்தேன்” என்றது சாம்பி. “நாளைக்கு நீங்க ஆமைகிட்ட வந்து நிக்காட்டி நம்ம பிள்ளைங்க நடுமழையில நிக்கும். வாங்க.”

மறுநாள் பாறையைச் சுற்றி இடமே இல்லை. ஆமை தலையை நீட்டியது.

“வித்வானே, இந்த இலை எல்லாம் நீங்க கடிச்சதா?”

“நான் கடிச்சது வெறும் இலை! காலைப் பதிய வெச்சது குரங்கு! வாங்கித் தின்னதும் குரங்கு!”

குரங்கு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியது. “நான் இலையைச் சுமந்தவன், அவ்வளவுதான். எந்த இலையிலயாவது என் பல் பட்டிருக்கா, பாருங்க.”

ஆமை ஒவ்வொரு இலையாகப் புரட்டியது. எங்கும் குரங்கின் பல் இல்லை. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பாறையைச் சுற்றி ஒரே சலசலப்பு. பன்றி மண்ணைக் கிளறியது. வித்வான் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறிமாறி நின்றது.

தலை வெளியே வந்தது. “ஒரே ஒரு கேள்வி. கள்ளிக்குப் பின்னால இருந்துக்கிட்டே, எங்கேயோ பாடின பாட்டுல ஒரு பிசகைக் கண்டுபிடிச்சீங்களாம். உங்க அலகுக்குக் கீழேயே இருந்த இலை வெறும் இலைன்னு தெரிஞ்சும் ஏன் கடிச்சீங்க?”

 புலி அழுத கதையைச் சொல்ல வித்வானுக்கு வெட்கமாக இருந்தது. 

“அலகு யாருதோ, கடன் அவருது” என்றது ஆமை. “குஞ்சு பறக்குற வரைக்கும் பொந்து உங்களுக்கு. அதுக்கப்புறம் அணிலுக்கு. முன்பணம் குடுத்தவங்க எல்லார் வீட்டுலயும் முழுப் பாட்டும் பாடித் தீர்க்கணும், கூலி இல்லாம.”

குரங்கை ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்கும் கோபமாகத்தான் வருகிறது, என்ன செய்ய? காட்டில் இனி யாரும் அதை நம்பி இலை தரமாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம். அது தோளைக் குலுக்கிவிட்டு ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.

மயிலிறகுத் தோரணம் போனது. மின்மினிகள் போயின. குஞ்சுகள் பறந்த அன்றே அணில் வைக்கோலோடு வந்து பொந்தில் குடியேறியது. வித்வானும் சாம்பியும் ஆற்றங்கரை மரத்தில், மறைப்பில்லாத ஒரு கிளையில் இருந்தார்கள். விடிந்தால் வித்வான் பன்றி வீட்டுக்கு ஓடும், மறுநாள் கொக்கு வீட்டுக்கு ஓடும். பாடியும் பாடியும் கடன் தீரவில்லை.

ஒரு காலை, மழை விட்ட நேரம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் காற்றில் வந்தது. வித்வானுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

“மைனாவே, நீங்க பாடப் பிறந்தவர். இலை வாங்குறதும் தேதி பார்க்குறதும் உங்க வேலையா?”

வித்வான் துள்ளி எழுந்தது. கிளை நுனிக்கு ஓடியது. தொண்டை கிழியக் கத்தியது: “மைனா! இலையைப் பாரு! கடிக்காதே, முதல்ல இலையைப் பாரு!”

மைனா தலையைத் திருப்பியது. “அந்தக் கரையில யாரோ கத்துறாங்களே, யாரு அது?”

“அதுவா? ஒரு காலத்துல நல்லாப் பாடும்” என்றது குரங்கு. “இப்போ உங்க மேல பொறாமை.”

“பொறாமையா! என் மேலேயா?” மைனாவுக்குச் சிறகு உப்பிப் போனது. அக்கரையைப் பார்த்தபடியே, குரங்கு நீட்டிய இலைக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தது.

நீதி: புகழ்ச்சியில் மயங்கி எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று பாராதவர், அதைக் கடனைத் திருப்பிக் கேட்டு வருபவரிடம்தான் தெரிந்துகொள்வார்.