பிடியரிசிக்கு வந்த வரி

முன்னொரு காலத்தில் கோமளபுரி என்ற நாட்டைக் கோலாகலவர்மன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. திங்கட்கிழமை யானைப் பந்தயம், செவ்வாய்க்கிழமை பன்னீர்க் குளியல், புதன்கிழமை விடிந்தால் “களஞ்சியம் ஏன் காலியாக இருக்கிறது?” என்று சத்தம். இதற்குப் பெயர் ஆட்சி.

அப்படி ஒரு புதன்கிழமை, “இன்று முதல் நாட்டில் சிக்கனம்!” என்று அறிவித்தார் ராஜா. சபை கைதட்டியது. யார் சிக்கனமாக இருக்க வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

களஞ்சியத் தலைவர் வச்சிரநாதர் எழுந்தார். சொந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் தானே மொண்டு குடித்தறியாத மனிதர்.

“மன்னா, ஊரில் ஒவ்வொரு அடுக்களையிலும் ஒரு ரகசியப் பானை இருக்கிறது. பெண்கள் உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தப் பானையில் போட்டுவிடுகிறார்கள். பிடியரிசி என்று பெயர். எடுத்துவைக்க முடிகிறதென்றால் மிச்சமிருக்கிறது என்றுதானே அர்த்தம்? மிச்சமிருப்பது அரண்மனைக்குத்தானே?”

“அட, இது எனக்குத் தோன்றவில்லையே!” என்றார் ராஜா. அவருக்கு எதுதான் தோன்றியது?

மறுநாளே சேவகர்கள் வீடு வீடாகப் புகுந்து பானைகளைத் தூக்கிப் போனார்கள். ஓடக்காரன் பெண்டாட்டி அரியநாச்சியின் பானையும் போனது. ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் வந்தால் இரண்டு மாதம் ஓடம் ஓடாது. அந்த இரண்டு மாதத்துக்கு வீட்டில் ஆறு பேருக்கும் அந்தப் பானைதான் சோறு. ஐப்பசிக்கு இன்னும் இருபது நாள்கூட இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே சபைக்கு வந்தாள்.

“என்னம்மா, ஒரு பிடி அரிசிக்கா இவ்வளவு தூரம் நடந்தாய்?” என்று சிரித்தார் வச்சிரநாதர். “ஒரு பிடியில் யார் வயிறு காய்ந்துவிடும்? நான் தூக்கத்திலேயே எடுத்துவைப்பேன்!”

“தூக்கத்துல வேணாம் சாமி, முழிச்சிருந்தே எடுங்க” என்றாள் அரியநாச்சி. “ஏழே நாள். எங்க வீட்டுல ஆறு வாய், உங்க வீட்டுலயும் ஆறு வாய். எங்க அளவு வேளைக்கு அரைப்படி. அதுல ஒரு பிடி எடுத்துவச்சிட்டு மிச்சத்தைப் பொங்கி, நீங்களே பரிமாறுங்க. பிடி எடுத்தது யாருக்கும் தெரியக் கூடாது. கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லக் கூடாது. எல்லாரும் எழுந்த பிறகு நீங்க உட்காருங்க. எட்டாம் நாளும் இதே மாதிரி சிரிச்சீங்கன்னா, இனிமே சேர்க்கிற பிடியரிசியையும் நானே தலையில சுமந்து வந்து தர்றேன்.”

ராஜாவுக்குப் போட்டி என்றால் பாயசம் மாதிரி. “சபாஷ்! வச்சிரநாதரே, இன்றே கரண்டியைப் பிடியும்!” என்றார். ஏமாற்றாமல் இருக்க, சமையற்கட்டு வாசலில் ஒரு காவலாளையும் நிறுத்தினார்.

எட்டாம் நாள் வச்சிரநாதர் தூணைப் பிடித்துக்கொண்டு சபைக்குள் வந்தார். தலைப்பாகை மூக்கில் வந்து உட்கார்ந்திருந்தது.

“என்ன ஓய், இளைத்துவிட்டீர்?” என்றார் ராஜா. “வீட்டில் எல்லோரும் பட்டினியா?”

“இல்லை மன்னா. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டார்கள். மாமியார் ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இப்போதுதான் சூடாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லி, என் மனைவியும் ஒரு கரண்டி கேட்டாள்.”

“உமக்கு?”

“பானையைச் சுரண்டினேன். கஞ்சித் தண்ணீர் குடித்தேன்.”

“நீர் சாப்பிட்டீரா என்று யாரும் கேட்கவில்லையா?”

வச்சிரநாதர் தரையைப் பார்த்தார். “ஏழு நாளில் ஒருவரும் கேட்கவில்லை மன்னா.”

சபையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அன்று காலையில் சூடாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்.

“அப்படியானால் அந்த ஒரு பிடி மிச்சமே இல்லை” என்று மெதுவாகச் சொன்னார் ராஜா. “கடைசியில் உட்காருகிறவளின் சோறு.” பிறகு குரலை உயர்த்தினார். “பிடியரிசி வரி ரத்து! வச்சிரநாதரின் பதவி பறிபோனது! அவர் தோளில் உள்ள பட்டுச் சால்வையை இந்தப் புத்திசாலிப் பெண்ணுக்குப் போர்த்துங்கள்! அவளுடைய அரிசியையும் கொடுத்தனுப்புங்கள்!”

ஒரு சேவகன் பானையைக் கொண்டுவந்து வைத்தான். சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்த பானை.

“அரிசி எங்கே?” என்றார் ராஜா.

“மன்னா, ஊர்ப் பிடியரிசி முழுவதும் போன வாரம் உலையேறிவிட்டது. தாங்கள் நடத்திய சிக்கனப் பெருவிழா விருந்துக்கு.”

ராஜா லேசாகக் கனைத்துக்கொண்டார். அந்த விருந்தில் மூன்று முறை சோறு வாங்கியவர் அவர்.

அரியநாச்சி தோளில் போர்த்திய சால்வையை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். “ராசா, இது எனக்கு வேணாம். இதுக்குப் பதிலா ரெண்டு மரக்கால் அரிசி குடுத்திடுங்க.”

ராஜா அவளைப் பார்த்தார். வெடித்துச் சிரித்தார். “பட்டுக்குப் பதில் அரிசியாம்! கேட்டீர்களா? என்ன நகைச்சுவை! என்ன சாதுரியம்!” சபையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிடித்துக்கொள்ள அவர்களுக்கு வயிறு இருந்தது.

“நான் விளையாட்டுக்குச் சொல்லலீங்க ராசா.”

“இதோ பார், இன்னும் விடமாட்டேன் என்கிறாள்! இந்த நகைச்சுவைக்கு இன்னொரு பட்டு போர்த்துங்கள்!”

மன்னர் போர்த்தியதை விற்பது கோமளபுரியில் தலை போகிற குற்றம். இரண்டு பட்டுச் சால்வையையும் மடித்துக் காலிப் பானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள் அரியநாச்சி. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

“ரெண்டு பட்டுச் சால்வையா! அதிர்ஷ்டக்காரி தாயி நீ” என்றான் வாயிற்காவலன்.

“ஆமாண்ணே. மழை மாசத்துல பிள்ளைகளுக்குப் போர்த்திவிடலாம். பசிச்ச வயித்தோட தூங்க வைக்கணும் இல்ல?”

அவனும் சிரித்தான்.