பள்ளம் சொன்ன ம்ஹூம்

உன்னைத்தான் சொல்கிறேன். திரும்பிப் பார்க்காதே, உனக்குப் பின்னால் யாரும் இல்லை. ஏரி வற்றி, பதில் சொல்ல ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மனை பிரிக்க வந்தாய். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று காற்றைக் கேட்டாய். காற்று என்ன சொல்லும்? "இல்லை" என்று நீயே எழுதிக்கொண்டு போய்விட்டாய். இதற்குப் பெயர் கேட்பதா?

பிள்ளைகளே, நீங்கள் ஏன் முகம் வாடுகிறீர்கள்? கோபம் உங்கள்மேல் இல்லை. கிட்டே வந்து உட்காருங்கள், கதை சொல்கிறேன். அந்த ஆளும் ஓரமாக நின்று கேட்கட்டும்.

மேகங்கள் தாழ இறங்கி, மர உச்சிகளில் சாய்ந்து இளைப்பாறிப் போகும் ஒரு காட்டில், இடம் வகுக்கும் சபை என்று ஒன்று இருந்தது. யார் எங்கே வளை தோண்டலாம், யார் எங்கே மேயலாம், எந்த வழியை அடைக்கக் கூடாது என்றெல்லாம் முடிவு செய்வது அதன் வேலை.

அகன்ற பாறை ஒன்றில் காட்டின் படம் வரைந்திருந்தது. வீடுகளுக்குச் செம்மண். மேய்ச்சலுக்கு இலைச்சாறு. தண்ணீருக்கு அவுரி நீலம். யாருடையதும் இல்லாத தரிசுக்குச் சாம்பல். சாம்பல் பூசிய இடத்தைச் சபை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

பூசுவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. அந்த இடத்திலேயே போய் நின்று, "ஆட்சேபணை உண்டா?" என்று உரக்கக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் சாம்பல்.

சபைத் தலைவர் யானை. நிதானமானவர், கொஞ்சம் கூடுதலாகவே நிதானமானவர். மழை தொடங்குமுன் மேற்கு மலைக்குப் போய், மண் காய்ந்த பிறகுதான் திரும்புவார். மழைக்காலத்தில் இந்தக் காடு எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை.

சபையின் செயலாளர் நரி. அவன் எங்கும் போகிறவன் இல்லை. காட்டின் எல்லாப் பருவமும் அவனுக்குத் தெரியும்.

அந்தக் காட்டில் புங்கமரம் நிழல் விரித்த மேடு ஒன்று இருந்தது. பங்குனியில்தான் அங்கே தும்பை என்ற முயல் குடிவந்து குட்டி போட்டிருந்தாள். குட்டிகளுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. அந்த மேட்டின் காற்று நரியின் மூக்கில் பட்டது. அன்றிலிருந்து அவனுக்கு அந்த மேட்டைப் பிடிக்கிற நினைப்புதான்.

சித்திரை மாத உச்சிவெயிலில் நரி மேட்டுக்குக் கீழே இருந்த பெரிய பள்ளத்தில் போய் நின்றான். பள்ளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கானல் மட்டும் தண்ணீர்போல் அலைந்துகொண்டிருந்தது.

"ஆட்சேபணை உண்டா?" என்று நரி கூவினான்.

ஓர் இலைகூட அசையவில்லை. நரி போய்ப் பாறையில் சாம்பலைப் பூசிவிட்டான்.

மறுநாள் யானையையும் அழைத்துக்கொண்டு தும்பையிடம் வந்தான்.

"தும்பையம்மா, உனக்கு யோகம்! சபை உனக்குப் பெரிய மனை ஒதுக்கியிருக்கிறது. அதோ அந்தப் பள்ளம் முழுவதும் உனக்குத்தான்!"

"அப்படியா நரியாரே, பெரிய மனசு. இந்த மேட்டை என்ன செய்வீங்க?"

"அதுவா? அது பொதுக் காரியத்துக்கு."

"என்ன பொதுக் காரியம்?"

"நான் இங்கே நிழலில் உட்கார்ந்து பொதுவாக யோசிப்பேன்."

தும்பைக்குக் காது விடைத்தது. சின்னதை வாங்கிக்கொண்டு பெரியதைக் கொடுக்கிறவன் முகத்தை அவள் கூர்ந்து பார்த்தாள்.

"போகிறேன். ஆனால் பூசணிக்காயைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பேன். மனையைத் தட்டாமல் எடுப்பேனா? வாங்க எல்லாரும்."

பள்ளத்தின் நடுவில் நின்று, பின்னங்காலால் தரையை அடித்தாள். தொம், தொம், தொம்.

வெடிப்புக்குள்ளிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல் வந்தது.

"யாரு... இடியா? மழை வந்துடுச்சா?"

நரியின் வால் தாழ்ந்தது. யானை காதை விரித்தார்.

தும்பை வெடிப்பில் முகத்தை வைத்து மெல்லக் கேட்டாள். "நீங்க யாருங்க?"

"தவளைங்க... தூங்கறோம்... தண்ணி தலைக்கு மேல வரட்டும், அப்ப எழுப்பு..."

"தலைவரே, கேட்டீங்களா?" தும்பை தன் மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "இது தண்ணீர் வந்து தங்குகிற இடம். என் குட்டிகளை இங்கே படுக்க வைத்தால், முதல் மழைக்கே மூழ்கிப் போகுமே!"

நரி சிரித்தான். "தலைவரே, தூக்கத்தில் உளறுவதெல்லாம் சாட்சியா? நான்கூடத் தினமும் வாத்து விருந்துக் கனவு காண்கிறேன். எங்கே, ஒரு இறகாவது வந்ததா?"

"அப்படியானால் எழுப்பிக் கேட்டுவிடுவோம்" என்று யானை காலை உயரத் தூக்கினார்.

"ஐயோ, மிதிக்காதீங்க!" தும்பை குறுக்கே பாய்ந்தாள். "மழைதான் வந்துவிட்டது என்று எல்லாரும் மேலே வந்துவிடுவாங்க. இந்த வெயிலில் கருகிப் போவாங்க. காலை மெதுவாக வைங்க. உங்களுக்குக் காலும் காதுதானே? நின்று கேளுங்க."

யானை மெதுவாகக் காலை வைத்தார். கண்ணை மூடினார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மண்ணின் அடியிலிருந்து குளுமையாக ஏதோ ஒன்று அவர் பாதத்தில் ஏறியது. ஆயிரம் தவளைகள் சேர்ந்து காணும் ஒரே கனவு அது. அந்தக் கனவில் பள்ளம் நிரம்பியிருந்தது. நிலா தண்ணீரில் இறங்கி நீந்தியது. அல்லி இலைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டன. வெள்ளி மீன்கள் அவர் முழங்காலைச் சுற்றிப் போயின. நின்ற இடத்திலேயே யானை லேசாக மிதந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது.

கண்ணைத் திறந்தபோது அவர் குரல் தழைந்திருந்தது. "இங்கே ஆள் இருக்கிறது."

"இருக்கட்டும் தலைவரே" என்றான் நரி. "கேள்வி கேட்டோம். மாட்டோம் என்று யாராவது சொன்னார்களா? வழக்கம் வழக்கம்தானே!"

தும்பை மறுபடி குனிந்தாள். குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டாள். "தவளைங்களா, இந்த இடத்தை எங்களுக்கு விட்டுக் கொடுப்பீங்களா?"

பள்ளம் முழுவதும் ஒரு நொடி மூச்சடக்கியது. பிறகு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, மண்ணுக்கு அடியில் ஒரே சத்தம்.

"ம்ஹூம்."

"அது பதில் இல்லை!" நரி குதித்தான். "குறட்டை! வெறும் குறட்டை!"

"நீங்க சொன்னால் சரி நரியாரே, குறட்டையாகவே இருக்கட்டும்" என்றாள் தும்பை. "குறட்டை விட ஒருத்தர் படுத்திருக்க வேண்டுமா, இல்லையா? அவர் படுத்துத் தூங்குகிற இடம் அவர் வீடு இல்லாமல் உங்க வீடா?"

நரி இரண்டடி பின்வாங்கினான்.

யானை நேராகப் பாறைக்கு நடந்தார். தும்பிக்கையில் தண்ணீரை முகந்து வந்து சாம்பலைக் கழுவினார். அந்த இடத்தில் தானே நீலம் பூசினார்.

"இனி எந்த இடத்தையும் கோடையில் ஒரு தரம், மழையில் ஒரு தரம் கேட்காமல் சாம்பல் பூசக் கூடாது" என்றார். "மழையில் கேட்கப்போவது நீதான், நரி. சேற்றில் நின்று கேள். இந்த வருஷம் நானும் இங்கேயே இருப்பேன்."

ஐப்பசியில் மேகங்கள் மர உச்சியை விட்டுத் தரைக்கே வந்துவிட்டன. பள்ளம் நிறைந்தது. தவளைகள் சோம்பல் முறித்து எழுந்து பாடத் தொடங்கின. தங்கள் வீடு போகவிருந்ததும் தெரியாது, பிழைத்ததும் தெரியாது. தும்பையின் பிள்ளைகள் மேட்டில் புங்கமரத்தடியில் காதோடு காது ஒட்டிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டன.

கேட்டாயா? நீ, ஓரமாக நிற்கிறவன்! அத்தனை பெரிய யானை தப்பைத் தெரிந்துகொண்டதும் கௌரவம் பார்க்கவில்லை. உனக்கு மட்டும் என்ன? காலைத் தரையில் வைத்துக் கேள். நீ கொடுத்த மனைகளில் வீடு கட்டிப் பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்கிறார்கள், மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. சாக்குச் சொல்லாதே. இன்றைக்கே போய், நீ எழுதியதை நீயே அழித்து, அவர்களுக்கு மேட்டில் இடம் கொடு!

நீதி: பதில் வராத இடமெல்லாம் ஆளில்லாத இடம் அல்ல.