கீரி காட்டிய நிழல் படம்

குளத்தங்கரையில் ஒரு பெரிய வெள்ளைப் பாறை. சாயங்கால வெயில் நேராக அதன் மேல்தான் விழும். அந்த நேரம் பார்த்து ஆறுமணிக்குருவி புதருக்குள்ளிருந்து பாடும்.

குருவிக்கு அந்தக் காட்டில் ரசிகர்கள் ஏராளம். சும்மா கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இல்லை. இலையைப் பல்லால் கடித்து மான், மயில் என்று உருவம் செய்து, குச்சியில் குத்தி, வெயிலுக்கு நேரே பிடிப்பார்கள். பாட்டுக்குத் தகுந்தபடி பாறையில் நிழல் படம் ஓடும். எல்லோரும் எதிரே உட்கார்ந்து பார்ப்பார்கள்.

கோடை பிறந்தால் குருவி வடக்கே போய்விடும். போவதற்கு முந்தின சாயங்காலம் மட்டும் வெட்கத்தை விட்டுவிட்டு வெளியே வந்து, பாறைக்கு எதிரில் அமர்ந்து பாடும். அன்றைக்குப் படம் காட்டும் உரிமை, அந்த வருடம் புதிதாக இலையைத் தொட்டவருக்குத்தான். இந்த வருடம் அது வள்ளிக்கண்ணு என்கிற கீரிக்குக் கிடைத்தது.

வள்ளிக்கண்ணுக்குக் குருவி என்றால் உயிர். முந்தின நாளே, குருவி புதருக்குள்ளிருந்து பாடும்போது, ஒத்திகையாக ஒரு படம் காட்டினாள். அடேயப்பா, எத்தனை இலை! மான் ஓடியது. யானை வந்தது. யானையின் வால் வருவதற்குள் முயல் குதித்தது. முயலை மிதித்துக்கொண்டு மயில் ஆடியது. பாட்டு ஒரு பக்கம் போக, படம் ஒரு பக்கம் போனது. கடமான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பாதியிலேயே எழுந்து போய்விட்டது.

படம் முடிந்ததும் கிளி கத்தியது. "சூப்பர்! சூப்பர்!"

"எந்த இடம் பிடிச்சுது?" என்று ஆசையாகக் கேட்டாள் வள்ளிக்கண்ணு.

"எல்லா இடமும்தான்" என்றது கிளி. பாதி நேரம் அது தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து நல்லமுத்து நரி வந்தான். "இதெல்லாம் ஒரு படமா? நாளைக்கு இதைப் பார்த்தா குருவி பாட்டை நிறுத்திட்டுப் பறந்துடும். உனக்கு எதுக்கு இந்த வேலை? பேசாம எலி பிடிக்கப் போ."

இந்த நல்லமுத்து தன் வாழ்நாளில் ஒரு இலையைக் கடித்துப் பார்த்தவன் இல்லை. அவனை விடுங்கள், இப்படி ஒரு ஆள் எல்லாக் காட்டிலும் உண்டு.

வள்ளிக்கண்ணு எல்லா இலைகளையும் அள்ளிக் குளத்தில் போடப் போனாள்.

"அதுல ஒரே ஒரு இலையை மட்டும் எனக்குக் கொடுத்துட்டுப் போடு, புள்ள" என்று கிளையிலிருந்து ஒரு குரல் வந்தது. பச்சோந்தி சூடாமணி. நிறம் மாற்றுகிற ஆள், பேச்சையும் மாற்றும் என்று ஊரில் சொல்வார்கள். சொன்னவர்கள் அவளோடு ஒரு நாளாவது பேசியிருக்க வேண்டும்.

"எந்த இலை, அக்கா?"

"சிறகை மெல்ல மடக்குச்சே ஒரு குருவி, அது. அந்த இடத்துல என் மூக்கு மேலேயே ஒரு ஈ உட்கார்ந்துச்சு. நாக்கை நீட்ட மறந்துட்டேன். அப்படிப் பார்த்துட்டு இருந்தேன்."

வள்ளிக்கண்ணு இலைகளைக் கீழே வைத்தாள். "அப்ப மத்ததெல்லாம்?"

"மத்ததுல எனக்கு ஒண்ணும் கண்ணுல நிக்கல. பாட்டுல உனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது, சொல்லு."

"ஒரு அடி பாடிட்டு நிறுத்தும்ல, அங்க. மறுபடி பாடுமா, மாட்டாதான்னு நெஞ்சு அடிச்சுக்கும்க்கா."

"சரி, அந்த இடத்துல நீ என்ன காட்டின?"

வள்ளிக்கண்ணு யோசித்தாள். "யானை, முயல், மயில்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திக்கொண்டாள். "சும்மா விட்டா எல்லாரும் எழுந்து போயிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு."

"அது எல்லாருக்கும் வர பயம்தான். ஆனா உனக்குப் பிடிச்ச இடத்தை நீயே மூடிட்ட பாரு. இன்னொண்ணு, பாட்டு வந்த பிறகுதான் நீ இலையை எடுக்குற. அதான் நிழல் பின்னாடியே ஓடி வருது. முன்னாடியே எடுத்துக் கையில வச்சுக்க."

"இவ்வளவு இலையில எதை எடுக்க, எதை விட?"

"அது உன் படம், நீதான் சொல்லணும்" என்றாள் சூடாமணி. பிறகு, இன்னொரு ஈ வந்ததால், அந்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் காடே கூடியது. ஆறுமணிக்குருவி வெளியே வந்து, பாறைக்கு எதிரில் உட்கார்ந்து பாடத் தொடங்கியது. வள்ளிக்கண்ணு முதல் இலையை முன்னாடியே எடுத்துக் கையில் வைத்திருந்தாள். மான் வந்தது, பாட்டோடு சேர்ந்தே வந்தது. மயில் நிதானமாக ஆடிவிட்டுப் போனது. யானை வரவே இல்லை.

குருவி பாட்டை நிறுத்தியது.

பாறையில் ஒரே ஒரு சின்னக் குருவியின் நிழல் இருந்தது. அது சிறகை மெல்ல மடக்கிக்கொண்டு அப்படியே நின்றது. யாரும் எழுந்து போகவில்லை. கிளிகூட வாயை மூடிக்கொண்டிருந்தது. நல்லமுத்து தன்னை அறியாமல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். ஆறுமணிக்குருவி அந்த நிழலையே பார்த்துக்கொண்டு, வழக்கத்தைவிட நெடுநேரம் பாடாமல் இருந்தது. பிறகு அது மறுபடி பாடியபோது கடமானுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

படம் முடிந்ததும் குருவி வள்ளிக்கண்ணிடம் வந்தது. "எத்தனையோ வருஷமா இங்க வந்து பாடுறேன். நான் பாடுறதை எல்லாரும் கேட்டாங்க. நிறுத்துறதைக் கேட்டது நீதான்."

வள்ளிக்கண்ணு திரும்பிக் கிளையைக் காட்டினாள். அங்கே வெறும் இலைகள்தான் தெரிந்தன. அதில் ஒரு இலை மட்டும் கண்ணைச் சிமிட்டியது.

புதிதாக ஒரு வேலையில் இறங்கியவரை வெறுமனே புகழ்வதாலும் பயனில்லை, பழிப்பதாலும் பயனில்லை. நன்றாக வந்த இடத்தையும் சரியாக வராத இடத்தையும் அன்போடு தொட்டுக் காட்டுகிறவரே அவரை வளர்க்கிறார்.