பேராசிரியை வண்டார்குழலியும் மதகுப் பூதமும்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாலே, மந்திரவாதிகள்கூடச் சந்தைக்கு வந்து கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிய காலத்திலே, கொன்றைபுரி என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது.

அந்த ஊர் அரண்மனைக் கல்லூரியில் வண்டார்குழலிதான் குழந்தை இலக்கியப் பேராசிரியை. காலையில் பெரியவர்களுக்குப் பாடம். மத்தியானம் சந்தையில் பிள்ளைகளுக்குக் கதை. சாயங்காலம் ஏரிக்கரையில் ஒரு பூதத்துக்குக் கதை!

பூதத்துக்கு எதற்குக் கதை? அது ஏரி மதகின்மேல் குந்தியிருந்தது. கதை கேட்டுச் சிரித்தால்தான் எழுந்திருக்கும். எழுந்தால்தான் வயலுக்குத் தண்ணீர்.

அதே ஊரில் உருட்டுவிழியன் என்றொரு மந்திரவாதி. அவனும் சந்தையில் கதை சொல்லிப் பார்த்தான். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சொன்னால் யார் கேட்பார்கள்? பிள்ளைகள் எல்லாம் வண்டார்குழலியிடம் ஓடிவிட்டார்கள். அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"ஏய் வண்டார்குழலி! இனி நீ கதை சொல்ல வாயைத் திறந்தால் கல்லூரிப் பாடம்தான் வரும்! நான் சிரிக்கிற அன்றைக்குத்தான் சாபம் தீரும். நானாவது, சிரிக்கிறதாவது!" என்று மந்திரக்கோலை ஆட்டினான். சடபுட சட்!

அன்று சாயங்காலம் 'ஒரு ஊரில் ஒரு நரி' என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தாள். வந்ததோ, "சிறுவர் இலக்கியம் மூன்று வகைப்படும்!"

"நரி எங்கே?" என்றது பூதம்.

"ஒன்று, பாடல். இரண்டு, கதை. மூன்று, நாடகம்."

பூதம் கொட்டாவி விட்டது. மதகின்மேலேயே தூங்கிப்போனது.

மறுநாளும் போனாள். "சிறுவர் இலக்கியம் மூன்று வகைப்படும்!" கொர்ர்ர்... கரையே அதிர்ந்தது.

மூன்றாம் நாள் ஊரே அவள் வாசலில் நின்றது. "நாற்றெல்லாம் கருகுது தாயீ. எப்படியாவது அதை எழுப்புங்க."

வண்டார்குழலி ஏரிக்குக் கிளம்பினாள். பிள்ளைகளும் பின்னாலேயே வந்தார்கள். வழியில் காலில் சுருக்கென்று ஒரு நெருஞ்சி முள். ஒற்றைக் காலில் குதித்தாள், முகத்தைக் கோணினாள், இடுப்பை வளைத்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வண்டார்குழலி குதிப்பதை நிறுத்தினாள். 'அட! வாயைத்தானே கட்டினான்? கையையும் காலையும் கட்டவில்லையே!'

பூதத்தின் முன்னால் போய் நின்றாள். "சிறுவர் இலக்கியம்" என்று யானைபோல் பிளிறிக்கொண்டே தரையை மிதித்தாள். "மூன்று வகைப்படும்" என்று எலிபோல் கீச்சிட்டு முந்தானைக்குள் ஒளிந்தாள். பூதம் ஒரு கண்ணைத் திறந்தது. "ஒன்று, பாடல்!" கழுதையாகக் கத்தினாள். பூதம் மறு கண்ணையும் திறந்தது. "இரண்டு, கதை!" நரியாகப் பதுங்கினாள். "மூன்று, நாடகம்!" கண்ணை உருட்டி, கன்னத்தை உப்பவைத்து, மந்திரவாதியாகவே மாறிவிட்டாள்.

அவள் படும் பாட்டை வேடிக்கை பார்க்க மரத்தின் பின்னால் ஒளிந்திருந்த உருட்டுவிழியன் உதட்டைக் கடித்தான். மூக்கைப் பிடித்தான். முடியவில்லை. "கெக்கெக்கே!"

பூதமும் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே எழுந்தது. குபுகுபுவென்று தண்ணீர் பாய்ந்து, மந்திரவாதியையும் உருட்டிக்கொண்டு வயலுக்கு ஓடியது.

"ஒரு ஊரில் ஒரு நரி இருந்துச்சாம்..." என்றாள் வண்டார்குழலி. ஆஹா, கதை வந்துவிட்டது! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

சேற்றிலிருந்து எழுந்து வந்தான் உருட்டுவிழியன். தாடியில் ஒரு கெளுத்தி மீன். "அம்மா, நான் செய்தது தப்புதான். ஆனால் அந்தக் கழுதை... இன்னும் ஒரே ஒரு தடவை!"

"நாளைக்குக் கல்லூரிக்கு வா, சேர்த்துக்கொள்கிறேன். மீனை எடுத்துவிட்டு வா."

ராஜா பல்லக்கில் ஓடோடி வந்தார். "என்ன வேண்டும், கேளுங்கள் அம்மா!"

"வாரம் ஒருநாள் நீங்களும் சந்தையில் உட்கார்ந்து கதை கேட்க வேண்டும், மகாராஜா."

ராஜா வந்தார். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தார். கதை தொடங்கக்கூட இல்லை, அதற்குள் பின்னாலிருந்து ஒரு வாண்டு அவர் முதுகைத் தட்டியது.

"தாத்தா, தலையில இருக்கிறதைக் கழட்டுங்க. மறைக்குது!"

ராஜா கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கதை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அவருக்கு எழுந்து போக மனசே வரவில்லையாம்.